முன் சீட்டு

விடியுமுன் ராசிங்காபுரம் ஊர்ப் பொது மந்தையில் வந்து நிற்கும் ஒச்சப்பனின் ஜீப்பில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று யாரும் சட்டம் போட்டதில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும். பின்னால் இரண்டு பக்கமும் பெண்கள் நெருக்கியடித்து உட்காருவார்கள். நடுவில் தூக்குச்சட்டிகள், அவற்றுக்கிடையே குத்துக்காலிட்டு வயதில் சின்னவர்கள். டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கும் முன் சீட்டு மட்டும் தனி. அது மாசமாக இருப்பவளுக்கு உரியது.

முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டினால் மலை. போடிமெட்டு வரைக்கும் வளைவுமேல் வளைவு. பின்னால் உட்கார்ந்தால் குடல் தொண்டைக்கு வரும். முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தால் கொஞ்சம் தேவலை. அதனால் மேலே ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களில் ஒருத்தி மாசமாகிவிட்டால் அதை அவள் வாயால் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் முன்னால் ஏறுவாள். பின்னால் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். மாசமாக யாரும் இல்லாத நாட்களில் பொன்மணி அதில் உட்கார்ந்து வருவாள். ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவள் அவள்தான்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் பொன்மணி முன் சீட்டிலிருந்து இறங்கினாள்.

"மதினி, நீ வா. முன்னாடி ஏறு."

சந்திரவல்லி தயங்கினாள். பொன்மணியின் அண்ணன் மனைவி அவள். அண்ணன் இறந்து மூன்று வருடம் ஆகிறது. நாற்பதைத் தாண்டியவள், ஒல்லி. ஒரு வாரமாக வளைவுகளில் தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"வேணாம் பொன்மணி. பின்னாடியே வர்றேன்."

"சும்மா ஏறுங்கிறேன். குடலே வெளிய வந்துரும் போல வாந்தி எடுக்குற."

சந்திரவல்லி ஏறினாள். பொன்மணி பின்னால் போய் ஆட்களை நகரச் சொல்லி உட்கார்ந்தாள். அன்றைக்கு ஜீப்பில் பேச்சு குறைவாக இருந்ததை அவள் கவனிக்கவில்லை. யாரோ ஒருத்தி மட்டும் முன்னால் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏண்ணே ஒச்சப்பண்ணே, எங்களுக்கும் வாந்தி வந்தா ஒங்க பக்கத்துல எடம் குடுப்பீகளா?"

எல்லோரும் சிரித்தார்கள். பொன்மணியும் சிரித்தாள்.

புறணி என்ற சொல் அந்த ஊரில் எல்லோர் வாயிலும் உண்டு. பேச்சில் அது பொரணி. ஆனால் அது எப்போதும் அடுத்தவள் செய்வது. 'அவ பொரணி பேசுறா' என்பார்கள், 'பொரணி பேசாட்டா அவளுக்குச் சோறு எறங்காது' என்பார்கள். தான் பேசுவதை யாரும் அப்படிச் சொன்னதில்லை. தான் பேசினால் அது விசாரிப்பு. கரிசனம். ஒரு வார்த்தை காதில் போட்டு வைப்பது.

பொன்மணிக்கு வந்ததும் கரிசனமாகத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை போடிக்குச் சாமான் வாங்கப் போனாள். குத்புதீன் பாய் கடையில் பாய் இல்லை. அவர் மனைவி ரஹ்மத்துன்னிசா இருந்தாள். பல வருடப் பழக்கம். பருப்பை நிறுத்துக் கட்டிவிட்டு அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, பொரணி பேசுறவ நான் இல்ல. ஒங்களுக்கே தெரியும்."

"என்ன சொல்லு."

"மலைக்குப் போற ஜீப்புல ஒருத்தி மாசமா இருக்காளாமே. புருசன் இல்லாதவளாம். டிரைவரோட பழக்கமாம். தெனமும் பக்கத்துல உக்கார வச்சுத்தான் கூட்டிட்டுப் போறானாம். பூ விக்கிறவ சொன்னா, மீன்காரி சொன்னா. யாரோன்னு விட்டுட்டேன். நேத்துதான் சொல்றாக, அது ஒங்க அண்ணன் பொண்டாட்டின்னு."

பொன்மணி பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தது அவளுக்கு நினைவில்லை. மதினி மகள் மகா மதுரையில் படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பொன்மணியின் மகன் சின்னமுத்துவுக்குப் பேசி முடித்திருந்தார்கள். முறைப்பெண். தையில் கல்யாணம். மதினி வீட்டில் தீப்பிடித்தால் பொன்மணி வீட்டுக் கூரையும் சேர்ந்து எரியும்.

தான் சீட்டு விட்டுக் கொடுத்தது அவள் நினைவுக்கே வரவில்லை. எங்கோ வேறு யாரோ கிளப்பிவிட்ட பேச்சு போலத்தான் அது கேட்டது.

சாயங்காலம் மதினி வீட்டுக்குப் போனாள். சந்திரவல்லி கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஊறி ஊறி வந்த எச்சிலைத் துப்பிவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"என்ன பொன்மணி, இந்நேரம்?"

பொன்மணி துவைகல்லைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "இந்த மாசம் தலைக்கு ஊத்திக்கிட்டியா மதினி?"

சந்திரவல்லி கையிலிருந்த துணியைப் பிழிந்து முடித்தாள். உதறிக் கொடியில் போட்டாள். பிறகுதான் திரும்பினாள்.

"இதக் கேக்கவா வந்த?"

"ஊருல பேசுறாளுக."

"ஊரு பேசட்டும். நீ என்ன நெனைக்கிற?"

பொன்மணி உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. அதற்குள் அவள் கண் மதினியின் வயிற்றுப் பக்கம் போய்விட்டது. சந்திரவல்லி அதைப் பார்த்தாள்.

"ஹோஸ் இழுக்க ஆரம்பிச்சதுல இருந்துதான் தல சுத்துது," என்றாள். தோட்டத்தில் ஆண்கள் செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கும்போது பின்னாலேயே நீள ஹோஸைத் தூக்கி இழுத்துப் போக சேலைக்கு மேல் சட்டை மாட்டிய இரண்டு பெண்களை விடுவார்கள். கூலி கொஞ்சம் கூட. கல்யாணச் செலவை நினைத்து மதினி அதைக் கேட்டு வாங்கியிருந்தாள்.

"ஹோஸ் எல்லாரும்தான் இழுக்குறாளுக."

"ஆமா. எல்லாரும்தான் இழுக்குறாளுக."

"சரி, ஆஸ்பத்திரிக்காவது போயிட்டு வருவோமா?"

"இப்பப் போனா வாசல்ல பாக்கிறவ என்ன சொல்லுவா? கலைக்க வந்தான்னு சொல்லுவா. மகா கல்யாணம் முடியட்டும்." சந்திரவல்லி வாளியைக் கவிழ்த்தாள். "நாளையிலருந்து நான் பின்னாடியே வர்றேன். நீயே முன்னாடி உக்காந்துக்க."

மறுநாள் முன் சீட்டு காலியாகவே போனது. சந்திரவல்லி கடைசியாக ஏறி, பின்கதவை ஒட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொன்மணிக்கும் முன்னால் போய் உட்காரக் கால் வரவில்லை. ஒச்சப்பன் யார் முகத்தையும் பார்க்காமல் வண்டியை எடுத்தான். அவன் வீட்டிலும் அந்தப் பேச்சு போயிருந்தது. அவன் மனைவி அடுப்பு பற்ற வைப்பதை நிறுத்தியிருந்தாள்.

வளைவுகளில் சந்திரவல்லி வாந்தி எடுக்கவில்லை. வாயை இறுக மூடி விழுங்கிக்கொண்டே வந்தாள். பின்னால் இருந்தவர்கள் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

இப்படிச் சில நாட்கள் போயின.

அன்றைக்குப் பொன்மணியை ஸ்டோரில் விட்டிருந்தார்கள். காய் உலர்த்தும் கட்டடம் அது. மூட்டை பிடிக்க ஆள் தேவைப்பட்டது. மற்றவர்கள் மேல்காட்டில் இருந்தார்கள். சாயங்காலம் ஜீப்பு நிற்கும் இடத்துக்குப் பொன்மணி வந்தபோது சந்திரவல்லியை இரண்டு பேர் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் முகமெல்லாம் வியர்த்துக் கொட்டியது. மலையில் அந்த நேரத்துக்கு எல்லோரும் குளிருக்குத் தலையை மூடிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் நனைந்துபோயிருந்தாள்.

"என்னாச்சு?"

"தெரியலக்கா. மத்தியானத்துக்கு மேல ஒரு மாதிரியா இருந்தா," என்றாள் ஒருத்தி.

தோட்டத்து மலையாளி சூப்பர்வைசர் தூரத்தில் நின்று, "சேச்சி, வேகம் போய்க்கோ, வேகம் போய்க்கோ," என்று கையை ஆட்டினார்.

ஜீப்பு இறங்கத் தொடங்கியது. சந்திரவல்லி வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. கன்னத்துச் சதை தானாகத் துடித்தது. வயதில் சின்னவளான காளீஸ்வரி அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். கல்யாணமாகி ஒரு வருடமே ஆன பெண். மற்றவர்கள் பேசவில்லை. இரண்டு வளைவு தாண்டியதும் மூலையில் ஒரு குரல் முணுமுணுத்தது.

"எதையோ தின்னுட்டு வந்திருக்கா."

"எத?"

"கலைக்கத்தான். வேற எத?"

பொன்மணி காதில் அது விழுந்தது. விழுந்ததும் எல்லாம் பொருந்திப்போனது. எச்சில், வாந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பது. பொய் என்று அதுவரை மனதின் ஒரு மூலையில் வைத்திருந்தது அந்த ஒரு சொல்லில் உண்மையாகிவிட்டது. மதினி மேல் கோபம் வந்தது. கோபத்தோடு பயமும் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் எழுதுவார்கள். போலீஸ் வரும். நாளைக்கே மகா காதுக்கும் சின்னமுத்து காதுக்கும் போகும்.

முந்தலில் மற்றவர்களை இறக்கி, பின்னால் வந்த ஜீப்பில் ஏறிக்கொள்ளச் சொன்னாள். காளீஸ்வரி மட்டும் மதினியை விட்டு இறங்க மாட்டேன் என்றாள்.

"ஆஸ்பத்திரிக்குத்தானேக்கா?" என்று கேட்டான் ஒச்சப்பன்.

"இல்ல. புஷ்பலதா சிஸ்டர் வீட்டுக்கு விடு. வெரசா."

ஒச்சப்பன் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். கியரை மாற்றினான். புஷ்பலதா வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நர்ஸ். போடியில் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தாள். வெளியே தெரியக்கூடாத சோலிக்குப் பெண்கள் அவள் வீட்டுப் பின்வாசலைத் தட்டுவார்கள்.

அன்றைக்குக் கதவு பூட்டியிருந்தது. சிஸ்டர் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். ஒச்சப்பன் ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்றான். சிஸ்டர் இப்போது வந்துவிடுவாள் என்றாள் பொன்மணி. ஜீப்பைச் சந்து முனையில் நிறுத்தித் தார்ப்பாயை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் போகிற யாரும் உள்ளே பார்க்கக்கூடாது என்பதுதான் பொன்மணியின் கவலையாக இருந்தது. தெருவிளக்கு எரிந்தது. சந்திரவல்லி ஒரு முறை கண்ணைத் திறந்து, "பொன்மணி, கண்ணு மங்கலாத் தெரியுது," என்றாள்.

"எல்லாம் சரியாயிரும். எத மதினி தின்ன? எங்கிட்ட மட்டும் சொல்லு."

சந்திரவல்லி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

புஷ்பலதா வந்து சேர்ந்து, அவளை உள்ளே கட்டிலில் கிடத்தச் சொன்னாள். பொன்மணி சிஸ்டர் காதோடு விஷயத்தைச் சொன்னாள். புஷ்பலதா வயிற்றை அழுத்திப் பார்த்தாள். முகம் சுருங்கியது. குனிந்து தலைமுடியை முகர்ந்தாள். செல்போன் வெளிச்சத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"கண்மணியப் பாரு. கடுகு மாதிரி சுருங்கிக் கெடக்கு. மேலெல்லாம் பூச்சிமருந்து நாத்தம். இவ வயித்துல ஒண்ணுமே இல்ல. இன்னைக்கு மருந்து மேல பட்டுச்சா?"

பொன்மணி விழித்தாள். காளீஸ்வரிதான் சொன்னாள்.

"காலையில ஹோஸ் பிச்சுக்கிட்டு அடிச்சிருச்சு சிஸ்டர். தலையோட முழுக்க நனைஞ்சுட்டாக."

"அந்தத் துணியோடயா பொழுதுக்கும் இருந்தா?"

"ஆமா."

"மடச்சிகளா, கழட்டிப் போட்டுக் குளிக்க வைக்கக் கூடாது? பக்கத்துல தண்ணி இல்லையா?"

"ஓடை இருந்துச்சு. நான் சொன்னேன், சட்டையக் கழட்டிட்டுக் குளிங்க மதினின்னு." காளீஸ்வரி கட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவுகளும் பித்தானக் கழட்டுனாக. எல்லாரும் காய் எடுக்குறத விட்டுட்டு எந்திரிச்சு நின்னோம். வயித்தப் பாக்க. நானும்தான் நின்னேன். அவுக எங்களப் பாத்தாக. திரும்பவும் பித்தானப் போட்டுக்கிட்டு ஹோஸப் பிடிக்கப் போயிட்டாக."

புஷ்பலதா துணியைக் கத்தரித்து எறிந்தாள். வாளித் தண்ணீரைத் தலையோடு ஊற்றச் சொன்னாள். "இங்க என்னால ஒண்ணும் ஆகாது. ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. பூச்சிமருந்துன்னு சொல்லுங்க. வேற ஒரு வார்த்த பேசாதீங்க."

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றித் தேனிக்கு அனுப்பினார்கள். வழியிலேயே மூச்சு இழுத்து இழுத்து நின்றுபோனது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அவள் சந்து முனையில் தார்ப்பாய்க்குள் கிடந்த நேரத்தைப் பொன்மணி யாரிடமும் சொல்லவில்லை.

அறுத்துப் பார்த்ததில் வயிற்றில் கரு இல்லை என்று எழுதினார்கள். உடம்பில் பூச்சிமருந்து என்று எழுதினார்கள். எஸ்டேட்டில் அன்று மருந்தே அடிக்கவில்லை என்று சாதித்தார்கள். ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. பிணத்தைத் தூக்குவதற்கு முன்பே முற்றத்தில் பேச்சு வேறு திசைக்குத் திரும்பிவிட்டது.

"மருந்தக் குடிச்சிருக்கா."

"பின்ன? வெளிய தெரிஞ்சு போச்சுல்ல."

"ஆஸ்பத்திரியில இல்லைன்னு எழுதிருக்காகளே?"

"அட, அண்ணன் பொண்டாட்டிய விட்டுக் குடுப்பாளா நாத்துனா? சொல்லி எழுத வச்சிருப்பா."

அவர்களே மாரில் அடித்துக்கொண்டு அழவும் செய்தார்கள். "பொரணி பேசியே ஒன்னக் கொன்னுட்டாளுகளே தாயி" என்று ஒப்பாரி வைத்தார்கள். அழுகை பொய்யில்லை. ஒவ்வொருத்தியும் அதைப் பேசியவள் வேறொருத்தி என்று நிஜமாகவே நம்பினாள்.

காரியம் முடிந்த அன்று மகா கேட்டாள். "அம்மா குடிச்சுச்சா அத்தை?"

"இல்ல ஆத்தா. ஹோஸ் பிச்சுக்கிச்சு."

"அப்ப அந்தப் பேச்சு? யாரு மொதல்ல சொன்னது?"

"தெரியல."

"எனக்கு அது மட்டும் தெரியணும்."

பொன்மணி விசாரித்தாள். ரஹ்மத்துன்னிசாவிடம் ஆரம்பித்தாள். பூக்காரி, மீன்காரி, ஜீப்பில் வந்த ஒவ்வொருத்தி வீடு. எல்லோரும் கையை விரித்தார்கள். கேட்டதைத்தான் சொன்னோம் என்றார்கள். நான் சொல்லவில்லை, விசாரித்தேன் என்றாள் ஒருத்தி. கடைசியில் மந்தையில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த ஒச்சப்பனிடம் போய் நின்றாள்.

"ஏப்பா, ஒன்னையும் சேத்துத்தான பேசுனாளுக. யாரு கெளப்புனதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

ஒச்சப்பன் துணியைப் பிழிந்தான். "நானும் கேட்டுப் பாத்துட்டேன்க்கா. அவ சொன்னா, இவ சொன்னான்னு சுத்திச் சுத்தி எல்லாரும் ஒரே எடத்துலதான் வந்து நிக்கிறாளுக."

"எங்க?"

"விடுக்கா."

"சொல்லுப்பா."

"நீயா எந்திரிச்சு முன் சீட்ட விட்டுக் குடுத்தியாம். நாத்துனாளே எடம் குடுத்தா அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்னு கேக்குறாளுக."

பொன்மணி ஜீப்பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் காலை இப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. வா மதினி, முன்னாடி ஏறு. அதற்குப் பிறகு ஜீப்பில் நிலவிய அமைதி. அவளும் சேர்ந்து சிரித்த சிரிப்பு.

மகாவிடம் போய், "யாருன்னு பிடிபடல. ஊரே சொல்லிருக்கு," என்றாள். மகா அவள் முகத்தையே பார்த்தாள். மறுநாள் மதுரைக்குப் பஸ் ஏறினாள். கல்யாணத்தைப் பற்றி அந்தப் பக்கமிருந்தும் இந்தப் பக்கமிருந்தும் யாரும் பேச்செடுக்கவில்லை.

மார்கழியில் பொன்மணி மறுபடி மலைக்குப் போக ஆரம்பித்தாள். வேறு பிழைப்பு இல்லை. முன் சீட்டில் இப்போது யாரும் உட்காருவதில்லை. தூக்குச்சட்டிகளை அதில் அடுக்கினார்கள்.

ஒரு காலை நாலைந்து வளைவு ஏறியிருந்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்த காளீஸ்வரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்ததைப் பொன்மணி பார்த்தாள். நெற்றியில் வியர்வை. தொண்டை ஏறி இறங்கியது. விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லக்கா. வெறும் வயித்தோட வந்துட்டேன்."

"நேத்து எங்க விட்டாக ஒன்னைய?"

காளீஸ்வரி வெளியே திரும்பிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். "ஹோஸுக்கு. சந்திரவல்லி எடத்துக்கு இவளத்தான போட்டிருக்காக."

அதற்குள் மூலையில் இரண்டு பேர் கண்ணாலேயே எதையோ பேசிக்கொண்டார்கள். ஒருத்தி உதட்டோரம் லேசாகச் சிரித்தாள். காளீஸ்வரியின் புருசன்காரன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் மாசங்கள் ஆகியிருந்தன.

பொன்மணி ஜீப்பின் கூரைக்கம்பியில் ஓங்கித் தட்டினாள். "ஒச்சப்பா, நிறுத்து."

"வளைவுலயாக்கா?"

"நிறுத்துங்கிறேன்."

காளீஸ்வரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பொன்மணி இறங்கினாள். பின்னால் இருந்து கேள்விகள் வந்தன. எங்கக்கா? என்னாச்சு அவளுக்கு? எத்தன நாளா? பொன்மணி ஜீப்பைப் போகச் சொல்லிக் கையை ஆட்டினாள். காளீஸ்வரி தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்தாள். பொன்மணி அவள் கூந்தலைச் சேர்த்துப் பிடித்தாள். மருந்து வாடை கையில் ஒட்டியது.

ஜீப்பு மேல் வளைவில் திரும்பியது. பின்பக்கத்திலிருந்து தலைகள் ஒன்றாகக் கீழே எட்டிப் பார்த்தன. பிறகு ஒன்றோடொன்று நெருங்கின.

காளீஸ்வரியும் அதைப் பார்த்தாள். "அக்கா, என்னையச் சொல்லுவாளுகக்கா."

"சொல்லுவாளுக."

"எம் மாமியா காதுக்குப் போனா என்னைய வீட்டுல சேக்க மாட்டா."

"போகட்டும். நீ உசுரோட இருந்து கேட்டுக்க."

பொன்மணி அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். கண்ணைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். கிழக்கே வெயில் ஏறிவிட்டது. வெளிச்சத்தில் யார் கண்மணியும் சுருங்கித்தான் இருக்கும். கடுகளவா, அதற்கு மேலா என்று அவளுக்குத் தெரியவில்லை. மேலிருந்து போடிக்கு இறங்கும் பஸ்சின் ஹாரன் கேட்டது. பொன்மணி ரோட்டின் நடுவில் போய் நின்று கையை நீட்டினாள்.